ஃபீட் ரீடர் இன்னும் யாருக்காவது தேவையா?

ஜூன் 8, 2024

வாசகர் ஒருவரின் கேள்வி: அண்ணா, "என் ரீடரில் வந்தது" என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். கூகுள் ரீடரை மூடிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வலைப்பதிவு எழுதுகிறவர்களே குறைந்துவிட்டார்கள். எழுதுகிற நாலு பேரும் ஃபேஸ்புக்கில் சுட்டி கொடுத்துவிடுகிறார்கள், இல்லாவிட்டால் வாட்ஸாப் குழுவில் வந்துவிடுகிறது. அப்புறம் எதற்கு இன்னொரு செயலி? பழக்கதோஷம் தவிர வேறு காரணம் உண்டா?

ஜூன் 8, இரவு

உண்டு. எப்போதாவது எழுதுகிறவர்களுக்காக. ரீடர் என்பது, நாம் தொடர்கிற பக்கங்களில் புதிதாக வந்ததை அவை தரும் ஓடை (ஃபீட்) வழியாக எடுத்து ஒரே இடத்தில் காட்டும் செயலி.

தினமும் எழுதுகிறவர் எப்படியும் கண்ணில் பட்டுவிடுவார். அவருக்கு ரீடர் தேவையில்லை, அவர் பக்கத்துக்கு நேராகவே போய்விடலாம். எட்டு மாதத்துக்கு ஒருமுறை எழுதுகிறவரை எப்படிப் பிடிப்பீர்கள்? தினம் தினம் போய்ப் பார்க்க முடியாது. இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு "இவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்" என்று முடிவு கட்டிவிடுவோம். மூன்றாம் தடவை போக மாட்டோம்.

நான் தொடர்கிறவர்களில் திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர், ஓய்வு பெற்றவர். ஊர்க்குளங்களைப் பற்றி மட்டும்தான் எழுதுவார். எந்தக் குளத்துக்கு எந்த வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, எந்த மடை தூர்ந்துபோனது, தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டி வேலையை எந்தக் குடும்பம் பார்த்துவந்தது, இதெல்லாம். ஒவ்வொரு இடுகைக்கும் அவரே வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கரை மேல் நடந்து பார்த்துவிட்டு வந்து எழுதுவதால் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் தேறும். சமூக ஊடகம் எதிலும் அவர் இல்லை. போன மாதம் ஒரு காலையில் ரீடரைத் திறந்தால் அவருடைய தலைப்பு தடித்த எழுத்தில் இருந்தது. குளத்துக்குள் மூழ்கி மடையின் அடைப்பை எடுக்கிற ஆட்கள் மூச்சை எப்படிப் பழக்கிக்கொண்டார்கள் என்று, அந்த வேலை பார்த்த ஒரு பெரியவரிடமே உட்கார்ந்து கேட்டு எழுதியிருந்தார். மறுமொழி ஒன்றுகூட இல்லை. இதை எந்த வாட்ஸாப் குழு எனக்கு அனுப்பும்?

ஜூன் 9, காலை

ஃபேஸ்புக் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. நண்பர் அங்கே சுட்டி போட்டாலும் அது என் கண்ணில் படுமா என்பதை அவரும் முடிவு செய்வதில்லை, நானும் முடிவு செய்வதில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் அவருடைய அம்மா இறந்தபின் நீண்ட கட்டுரை ஒன்று எழுதி அங்கே சுட்டி கொடுத்திருக்கிறார். எனக்குக் காட்டப்படவே இல்லை. அந்த வாரம் முழுக்க நான் அங்கே பார்த்தது யாரோ யாரோடோ போட்ட சண்டை. ரீடரில் வந்ததால்தான் அவருக்குப் போன் செய்து துக்கம் விசாரிக்க முடிந்தது.

ரீடரில் வரிசை ஒன்றுதான்: யார் எப்போது எழுதினார்களோ அந்த வரிசை. நடுவில் யாரும் கலைப்பதில்லை. நூறு பேர் விரும்பியதும் யாருமே விரும்பாததும் ஒரே அளவு எழுத்தில் நிற்கும்.

ஜூன் 9, இரவு

"வலைப்பதிவு எழுதுகிறவர்களே குறைந்துவிட்டார்கள்" என்று கேள்வி கேட்ட தம்பி சொன்னது மனதிலேயே நிற்கிறது. ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கு எல்லாரும் ஃபேஸ்புக்கைக் கைகாட்டுகிறார்கள். என் எண்ணம் கொஞ்சம் வேறு. தமிழில் நாம் வாசித்த முறையிலேயே ஒரு பலவீனம் இருந்தது.

அந்தக் காலத்தில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கினார். திரட்டி என்றால் பல பதிவர்களின் புதிய இடுகைகளை ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டும் தளம். அதன் பிறகு தேன்கூடு, திரட்டி என்றே பெயர் வைத்த ஒன்று, தமிழ்வெளி, தமிழிஷ் என்று வரிசையாக வந்தன. காலையில் அலுவலகம் போய்க் கணினியைத் திறந்தால் முதலில் தமிழ்மணம்தான். புதிய இடுகைகள் ஒரு பக்கம், அண்மையில் மறுமொழி பெற்றவை இன்னொரு பக்கம், மேலே அந்த வாரத்து நட்சத்திரப் பதிவர். ஒரு புதுப் பதிவர் பட்டியலில் சேர்ந்த அன்றே முன்பின் தெரியாத பத்துப் பேர் வந்து வரவேற்றுவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு கூடம் வேறு எந்த இந்திய மொழிக்கும் அப்போது அந்த அளவில் வாய்த்ததா என்பது சந்தேகம்தான்.

ஆனால் முகப்பில் இடம் கொஞ்சம். ஆள் கூடக் கூட உங்கள் இடுகை மேலே நிற்கும் நேரம் குறைந்துகொண்டே போனது. மதியம் போட்டது மாலைக்குள் கீழே இறங்கிவிடும். மறுமொழி வந்தால் அந்தப் பக்கத்துப் பட்டியலில் மறுபடி தலைகாட்டலாம். அதனால் தன் இடுகைக்குத் தானே மறுமொழி போட்டு மேலே தூக்குவது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக "நன்றி, வருகைக்கு நன்றி" என்று போட்டு எண்ணிக்கையை ஏற்றுவது எல்லாம் நடந்தது. அதற்குப் "பின்னூட்டக் கயமை" என்று பெயரே வைத்திருந்தோம். விளையாட்டுதான், நிறையச் சிரித்திருக்கிறோம். ஆனால் கூடவே எழுத்தும் மாறியது. அன்றைக்கே பத்து மறுமொழி வராத இடுகை தோற்ற இடுகை என்று ஆனது. சண்டைத் தலைப்பு ஜெயித்தது. நிதானமாக எழுதுகிறவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கிக்கொண்டார்கள்.

திரட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தபோது நம்மில் பெரும்பாலோர் கையில் தனிப்பட்டியல் இல்லை. யாரைப் படித்தோம் என்பதே திரட்டியின் முகப்பில்தான் இருந்தது. முகப்பு போனதும் வாசகரும் போனார். அவரவர் பட்டியல் அவரவரிடம் இருந்திருந்தால் பாதிப் பேராவது தொடர்ந்து வாசிக்கப்பட்டிருப்பார்கள், வாசிக்கப்பட்டிருந்தால் தொடர்ந்து எழுதியும் இருப்பார்கள். இதை நான் உறுதியாகவே நம்புகிறேன்.

ஜூன் 10

கூகுள் ரீடர் பற்றி இருவர் கேட்டார்கள். 2005 அக்டோபரில் வந்தது. 2013 மார்ச் 13 அன்று மூடப்போவதாக அறிவித்தார்கள், ஜூலை 1 அன்று மூடினார்கள். அறிவிப்பு வந்த இரண்டே நாளில் ஐந்து லட்சம் பேர் தங்களிடம் வந்து சேர்ந்ததாக ஃபீட்லி சொன்னது. ஆனால் எனக்கு ரீடர் முடிந்தது 2011 அக்டோபரில்தான். அந்த மாதக் கடைசியில்தான் அதற்குள் இருந்த பகிரும் வசதியை எடுத்துவிட்டு எல்லாரையும் தங்கள் சமூக ஊடகமான கூகுள் பிளஸ்ஸுக்குப் போகச் சொன்னார்கள்.

அந்த வசதி இருந்தவரை நண்பர்கள் பகிர்ந்ததெல்லாம் ஒரு தனி ஓடையாக வந்துகொண்டிருக்கும். பல பதிவர்கள் அதைத் தங்கள் பக்கத்தின் ஓரத்தில் "படித்ததில் பிடித்தது" என்று வைத்திருந்தார்கள். யாரையும் கூப்பிட வேண்டாம், கூட்டம் சேர்க்க வேண்டாம், படித்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பகிர்ந்தவரின் ரசனையை நம்பி நான் போய்ப் படித்த புதியவர்கள் எத்தனையோ பேர். ஈரானில் அந்த வசதியை மிகவும் நம்பியிருந்தார்கள், எடுத்தபோது எதிர்ப்பும் கிளம்பியது. எதுவும் நடக்கவில்லை. பிளஸ்ஸையும் 2019 ஏப்ரலில் மூடிவிட்டார்கள்.

இன்னொரு விஷயம். பழைய ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் இருபக்கமும் சமமாக வரிசைப்படுத்திய தமிழ்ப் பக்கங்கள் உடைந்து தெரியும். "கொ" என்று எழுதியிருந்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். 2008இல் மூன்றாம் பதிப்பு வரும்வரை அந்தத் தொல்லைதான், நம் ஆட்களில் பாதிப் பேருக்கு வரிகளை அப்படிச் சமப்படுத்துவதில் அலாதிப் பிரியம் வேறு. ரீடரில் அந்த அலங்காரம் எதுவும் வராது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து, மேலிருந்து விழும் பூக்கள், திறந்ததும் பாட ஆரம்பிக்கும் பாட்டு, எதுவும் கிடையாது. எழுத்து மட்டும் வரும். நான் ரீடருக்குள் வந்ததே இந்த ஒரு காரணத்துக்காகத்தான், மற்ற நன்மைகள் பின்னால்தான் தெரிந்தன.

ஜூன் 10, கொஞ்சம் கழித்து

நீக்கிய இடுகைகள் பற்றியும் சொல்ல வேண்டும். கோபத்தில் எழுதிவிட்டு ஒரு மணி நேரத்தில் தூக்கிவிட்டாலும் ரீடர் அதற்குள் பிரதி எடுத்து வைத்திருக்கும். "தூக்கிட்டாரு, ஆனா ரீடர்ல இருக்கு" என்று படம்பிடித்துப் போட்டு ஒரு மனிதரை வாரக்கணக்கில் வறுத்தெடுத்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அது தப்பு. மனம் மாறி நீக்குகிறவருக்கு அந்த உரிமை உண்டு. இப்போதும் உங்கள் ரீடரில் அப்படி ஏதாவது சிக்கினால் படித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

ஜூன் 11

"டேட்டா நிறையச் சாப்பிடுமா?" என்று ஒரு கேள்வி. சாப்பிடாது. ரீடர் தளத்திடம் போய் "கடைசியாக நான் வந்தபின் ஏதாவது மாறியதா?" என்றுதான் கேட்கும். மாறவில்லை என்றால் தளம் 304 என்று ஒரு எண்ணைச் சொல்லி அனுப்பிவிடும், எழுத்து எதுவும் வராது. ஃபீட்லி போன்றவற்றில் அதுவும் அவர்களுடைய சர்வரில் நடக்கிற வேலை. ஃபேஸ்புக்கை ஒருமுறை திறந்து இரண்டு வீடியோ ஓடவிட்டால் போகிற டேட்டாவில் பல நாள் ஓடை படிக்கலாம்.

ஜூன் 13

எப்படித் தொடங்குவது என்று தம்பி தனிமடலில் கேட்டிருக்கிறார், பலருக்கும் பயன்படும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

ஆண்ட்ராய்டில் ஃபீடர் என்று ஒரு செயலி, இலவசம், கணக்கு எதுவும் தொடங்க வேண்டாம். ஐபோனில் நெட்நியூஸ்வயர், 2002இலிருந்து இருக்கிற பெயர், கை மாறிக் கை மாறி அந்தச் செயலியை முதலில் எழுதியவரிடமே திரும்பி வந்தது, அதுவும் இலவசம். போன், கணினி இரண்டிலும் ஒரே பட்டியல் வேண்டும் என்றால் ஃபீட்லி அல்லது இனோரீடர். கணினியில் தண்டர்பேர்டு வைத்து மின்னஞ்சல் பார்ப்பவர்களுக்கு அதற்குள்ளேயே ஓடை படிக்கும் வசதி இருக்கிறது. சொந்த சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஃப்ரெஷ் ஆர்.எஸ்.எஸ்., அவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெரும்பாலும் தளத்தின் முகவரியைப் போட்டாலே ஓடையைத் தானாகக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்கவில்லை என்றால் கையால் போடுங்கள். பிளாக்ஸ்பாட் (கூகுளின் பிளாக்கர் சேவையில் இருக்கும் பக்கம்) என்றால் முகவரிக்குப் பின்னால் ஆங்கிலத்தில் சாய்கோடு, ஃபீட்ஸ், சாய்கோடு, போஸ்ட்ஸ், சாய்கோடு, டிஃபால்ட். வேர்ட்பிரஸ் என்றால் சாய்கோடு, ஃபீட், அவ்வளவுதான். சப்ஸ்டாக்கும் அப்படியே. பிளாக்ஸ்பாட்டில் போஸ்ட்ஸ் என்ற இடத்தில் கமென்ட்ஸ் என்று போட்டால் அந்தப் பக்கத்து மறுமொழிகள் முழுவதும் ஓடையாக வரும். நல்ல விவாதம் நடக்கிற பக்கத்துக்கு இதையும் சேர்த்து வைப்பேன். யூடியூப் சேனல் முகவரியைப் போட்டாலும் வேலை செய்யும், பரிந்துரை வலையில் மாட்டாமல் வேண்டிய சேனலை மட்டும் பார்க்கலாம்.

முக்கியமான ஒன்று. செட்டிங்கில் எக்ஸ்போர்ட் என்று இருக்கும், அழுத்தினால் ஓ.பி.எம்.எல். என்ற கோப்பு ஒன்று இறங்கும். நீங்கள் தொடர்கிற எல்லார் முகவரியும் அதில் இருக்கும், சாதாரண எழுத்துக் கோப்புதான். அதை வருடத்துக்கு ஒருமுறையாவது எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். நாளை எந்த நிறுவனம் கடையை மூடினாலும் அதை இன்னொரு ரீடரில் ஏற்றிவிட்டு அன்று மாலையே படிக்க ஆரம்பிக்கலாம். 2013இல் நான் இறக்கிய பட்டியல்தான் இன்று என் ரீடரில் இருப்பதற்கும் அடிப்படை.

ஜூன் 15

திரட்டிகள் பற்றி நான் எழுதியதற்கு டொரொண்டோவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார், ஊர் யாழ்ப்பாணம். அவர் சொல்வது: "நீங்கள் பட்டியல் பட்டியல் என்கிறீர்கள். எனக்கு யாரையுமே தெரியாதபோது பட்டியலில் யாரைப் போடுவது? தமிழ்மணம் இல்லாவிட்டால் மதுரையில் ஒருவர் என்னை வாசித்திருப்பாரா? 2009இல் நாங்கள் எழுதியதைத் தமிழ்நாட்டில் இருந்த முகம் தெரியாதவர்கள் வாசித்தது எப்படி?"

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரீடர் தெரிந்தவர்களைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளும், தெரியாதவர்களை அறிமுகப்படுத்தாது. அந்த வேலையைத் திரட்டி செய்தது. ஈழத்து எழுத்தும் புலம்பெயர்ந்தோர் எழுத்தும் சென்னை, மதுரை, சிங்கப்பூர், வளைகுடா எழுத்தும் ஒரே முகப்பில் கலந்து நின்றதுபோல் அதற்குப் பின் எங்கேயும் நிற்கவில்லை. இன்று எனக்கு வருகிற இலங்கைப் பதிவுகளில் முக்கால்வாசி நான் அங்கே கண்டெடுத்தவர்களுடையவை.

ஆகவே நான் சொன்னதை இப்படித் திருத்திச் சொல்கிறேன். திரட்டி தேவை, அங்கே கண்டவர்களை வீட்டுக்குக் கொண்டுவரப் பட்டியலும் தேவை. நாம் முதல் பாதியோடு நின்றுவிட்டோம். இப்போது திரட்டி இல்லாத நிலையில் பதிவர்களே செய்யக்கூடியது, பக்கத்தின் ஓரத்தில் தாங்கள் வாசிப்பவர்களின் பெயர்களை மறுபடி போட்டு வைப்பது. பிளாக்கரில் அதற்கு ஓரத்தில் வைக்கும் ஒரு பெட்டி (விட்ஜெட்) இருக்கிறது, ஓடையிலிருந்து எடுத்து அவர்களுடைய கடைசி இடுகையின் தலைப்பையும் காட்டும், யார் புதிதாக எழுதினாரோ அவர் மேலே வருவார். அந்தத் திருநெல்வேலி ஆசிரியரை நான் கண்டுபிடித்ததும் இன்னொருவர் பக்கத்து ஓரத்தில்தான்.

ஜூன் 16

"ஓடைத் தொழில்நுட்பமே செத்துப்போனது" என்று ஒருவர். நீங்கள் கேட்கிற பாட்காஸ்ட் எதில் வருகிறது என்று நினைக்கிறீர்கள்? அதே ஓடைதான், அதன் வடிவத்துக்கு ஆர்.எஸ்.எஸ். என்று பெயர். 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் முதல் வடிவம் வந்தது. அதைச் செய்தவர்களில் ராமநாதன் குஹா சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். 2000 டிசம்பரில் டேவ் வைனர் என்ற நிரலாளர் அதில் ஒலிக்கோப்பை இணைக்க வழி செய்தார், பாட்காஸ்ட் உலகம் பெரும்பாலும் இன்றைக்கும் அதன் மேல்தான் நிற்கிறது.

ஜூன் 20

படிக்காத எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, பார்த்தாலே பயமாக இருக்கிறது என்று தொடங்கிய சிலர் எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு காரணத்தால் ரீடரைக் கைவிட்டவர்கள் ஏராளம்.

முதல் வேலை, செய்தித்தாள்களை எடுத்துவிடுங்கள். நாளிதழ் ஓடை ஒன்று போட்டாலே போதும், ஒரு நாளில் நூறு, நூற்றைம்பது கொட்டும். அதற்கடியில் உங்கள் ஆசிரியர் புதைந்துபோவார். செய்திக்குச் செய்தித்தளம் இருக்கிறது, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, அரிதாக எழுதுகிறவர்களை ஒரு தனி மடிப்பில் போடுங்கள். என்னுடையதில் அதற்கு "மெதுவாக" என்று பெயர். காலையில் அதை மட்டும் திறப்பேன், பெரும்பாலான நாள் ஒன்றும் இருக்காது, இருந்தால் அந்த ஒன்றை முழுதாகப் படிப்பேன். தினமும் எழுதுகிறவர்கள் இன்னொரு மடிப்பில், நேரம் இருந்தால் பார்ப்பேன், ஞாயிற்றுக்கிழமை இரவு "அனைத்தும் படித்ததாகக் குறி" என்பதை அழுத்திவிடுவேன். அழுத்துவதில் எந்தக் குற்றமும் இல்லை. படிக்க வேண்டியதாக இருந்தால் யாராவது மறுபடி சொல்வார்கள். சரி, யாரும் சொல்லாமலே போகட்டுமே, அப்போதும் பரவாயில்லை.

எண்ணிக்கையைக் காட்டாமல் மறைக்கும் வசதி பல ரீடர்களில் இருக்கிறது. மறைத்துவிடுங்கள்.

ஜூன் 23

எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓடையில் முழு இடுகையையும் கொடுங்கள். முதல் நாலு வரியை மட்டும் கொடுத்து "மேலும் வாசிக்க" என்று நிறுத்துவது, ஹிட் கணக்குக்காகவும் விளம்பரத்துக்காகவும் பழகியது. கவுண்டரில் எண் ஏறினால் வருகிற சந்தோஷம் எனக்கும் தெரியும். ஆனால் ஒன்று யோசியுங்கள். ரயிலில் விட்டுவிட்டு வரும் சிக்னலில் படிக்கிறவர், எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிற வயதானவர், திரைவாசிப்பான் வைத்துக் கேட்கிற பார்வையற்ற வாசகர், இவர்களுக்கெல்லாம் அந்த நாலு வரியோடு கதை முடிந்துவிடுகிறது. பிளாக்கர் செட்டிங்கில் தள ஓடை என்ற இடத்தில் "முழுமை" என்று மாற்றினால் போதும்.

ஒரு பதிலும் முன்கூட்டியே: "முழுசாகக் கொடுத்தால் திருடிப் போடுகிறார்கள்." போடுகிறார்கள்தான். பக்கத்திலிருந்தும் திருடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். திருடுகிறவருக்குப் பயந்து படிக்கிறவரை ஏன் தண்டிக்க வேண்டும்?

ஜூன் 29

பழைய சுட்டிகள் திறக்கவில்லை என்று மூவர் கேட்டுவிட்டார்கள். இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று, 2012 தொடக்கத்தில் கூகுள் இந்தியாவிலிருந்து திறக்கும் பிளாக்ஸ்பாட் பக்கங்களையெல்லாம் டாட் இன் முகவரிக்குத் திருப்பிவிட்டது. திரட்டியில் வாக்களிக்க இடுகையோடு வைத்திருந்த ஓட்டுப்பட்டைகள் அப்போது பட்ட பாடு நினைவிருக்கும். அப்புறம் அந்தத் திருப்பலை நிறுத்தினார்கள், 2020இல் அந்த டாட் இன் பெயரே கூகுள் கையைவிட்டுப் போய்விட்டது. அதனால் அந்த வருடங்களில் நாம் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட எத்தனையோ சுட்டிகள் இன்று வேறெங்கோ போகின்றன. முகவரியில் இன் என்பதை அழித்து காம் என்று போடுங்கள், இடுகை அங்கேயே இருக்கும். உங்கள் ரீடரில் டாட் இன் என்று சேர்த்த ஓடைகள் இருந்தால் அவற்றையும் இப்படி மாற்றுங்கள், பல வருடம் மௌனமாக இருந்த சில பேர் உண்மையில் எழுதிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள் என்று தெரியவரும்.

இரண்டாவது, சொந்தப் பெயரில் முகவரி வாங்கிப் பிளாக்கரோடு இணைத்துவிட்டு, வருடக் கட்டணம் கட்டாமல் விட்டவர்கள். அந்தப் பெயரை வேறு யாராவது வாங்கிவிடுவார்கள். ஒரு நாள் கவிதை எழுதுகிறவரின் ஓடையில் சூதாட்ட விளம்பரம் வந்து நிற்கும். அவருடைய பழைய பிளாக்ஸ்பாட் முகவரியைத் தட்டினாலும் அந்த விளம்பரத்துக்கே கொண்டுபோய்விடும். பார்க்கிறவர்கள் எல்லாம் போயிற்று என்று நினைத்துவிடுகிறார்கள், எழுதியவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார். பெரும்பாலும் இடுகைகள் எங்கும் போயிருக்காது, கூகுளிடம் பத்திரமாக இருக்கும். அவர் தன் கணக்கில் நுழைந்து, பிளாக்கர் செட்டிங்கில் அந்தச் சொந்த முகவரியை நீக்கினால் போதும், பழைய பிளாக்ஸ்பாட் முகவரி மறுபடி வேலை செய்யும், ஓடையும் திரும்பி வரும். உங்களுக்குத் தெரிந்த பதிவர் யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் இந்த வாரமே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். கடவுச்சொல் மறந்திருந்தால் மீட்பதற்கு அவருடைய பழைய போன் எண் தேவைப்படலாம், அது கையில் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.